கிரீடப் பட்சி கடலில் இறங்கிய நாள்

எங்கள் சித்தப்பா ராயபுரத்தில் உயிருள்ள சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் சொல்வார். ஹார்பர் கிடங்குகளுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் சந்தில் தகரக் கூரை போட்ட கடை அது. முன்பக்கம் கூண்டுகள், பின்பக்கம் முற்றம், முற்றத்தை ஒட்டி அவரும் சித்தியும் குடியிருந்த அறைகள். பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இருக்கவில்லை. டிராமை விட்டு இறங்கி மூக்கு சொல்லும் திசையில் நடந்தால் கடை வந்துவிடும்.

சித்தப்பா இளவயதில் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். சிங்கப்பூரில் வாங்கிய வெள்ளைக் கொண்டைக்கிளி ஒன்றை இங்கே ஒரு துரையிடம் விற்றதிலிருந்து இந்தத் தொழில் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் கப்பலை விட்டார், ஆனால் கப்பல்காரர்கள் அவரை விடவில்லை. கிழக்கேயிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் யாராவது ஒரு லஸ்கர், அதாவது கப்பல் கூலிக்காரர், சாக்கிலோ சட்டைக்குள்ளோ எதையாவது அசைய அசையக் கொண்டுவந்து நீட்டுவார். ஜமீன்தார்களும் துரைமார்களும் சர்க்கஸ் முதலாளிகளும் வந்து வாங்கிப் போவார்கள்.

அவர் நன்றாகப் பொய் சொல்வார். பழவேற்காட்டுப் பக்கம் வலை போட்டுப் பிடித்த தினைக்குருவிகளுக்கு மஞ்சளும் நீலமும் பூசி, "சீனத்துக் குருவி சார்" என்று விற்பார். "தண்ணி மட்டும் பட வுடாதீங்க, அதுக்கு ஒத்துக்காது" என்ற எச்சரிக்கையையும் மறக்காமல் சேர்த்துக் கொடுப்பார். சாதாரணக் குரங்கு அவர் வாயில் அரபு தேசத்துக் குரங்காகிவிடும். எங்கள் நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர், கணக்காகப் பேசுகிறவர். தம்பியின் கடைப் பக்கம் போனாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். எனக்கோ அந்தக் கடைதான் பள்ளிக்கூடம், கோயில், திருவிழா எல்லாம். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். எங்கள் வீடு அடுத்த சந்தில்தான். கஞ்சி குடித்த கையோடு ஓடிவிடுவேன்.

அந்தப் பெட்டி வந்தது ஒரு காலை வேளையில். மாட்டுவண்டியில் ஆள் உயரப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கூலியாட்கள் நடந்தே வந்தார்கள். யாரும் வண்டியில் உட்காரவில்லை. பெட்டியிலிருந்து எட்டியே நின்றார்கள். ஒருவரின் முழங்காலில் ரத்தம் தோய்ந்த துணி சுற்றியிருந்தது.

"இன்னாபா உள்ள?" என்று சித்தப்பா கேட்டார்.

"நீயே தொறந்து பாத்துக்க. எங்கள இத்தோட வுட்ரு" என்றார் காலில் துணி சுற்றியவர்.

முற்றத்தில் பெரிய பிராணிகளுக்கென்று கப்பல் பலகைகளை நட்டு ஏற்கெனவே ஒரு பட்டி அடைத்து வைத்திருந்தார்கள். பெட்டியை அதன் வாசலோடு ஒட்டி வைத்துக் கதவை மேலே தூக்கினார்கள். நான் சித்தியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் எதுவும் வெளியே வரவில்லை. பிறகு ஒரு கால் வந்தது. மரக்கிளை போல் தடித்து, செதில் செதிலாய், முனையில் மூன்று விரல்கள். உள்பக்கத்து விரலில் கத்தி போல நீண்ட ஒரே ஒரு நகம்.

அப்புறம் தலை வந்தது.

அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனால் அந்தத் தலையைப் பார்த்தபோது என்னுள் நின்றுபோன மூச்சு அதற்கு முன்னும் பின்னும் நின்றதில்லை. ராஜா வைத்த கிரீடம் போல உச்சியில் கொம்பு நிறத்தில் ஒரு மகுடம். கழுத்தில் இறகே இல்லை, தோல்தான். அந்தத் தோல் நடுக்கடல் நீலம். பின்கழுத்தில் தணல் மாதிரிச் சிவப்பு, முன்னால் தாலி போல இரண்டு சிவப்புச் சதைகள் தொங்கின. உடம்பெல்லாம் கறுப்பாய்த் தொங்கியதை இறகு என்பதா முடி என்பதா தெரியவில்லை. சித்தப்பாவின் தோளுக்கும் மேலே தலை உயர நின்று அது எங்களைக் குனிந்து பார்த்தது. பழுப்பு நிறக் கண்கள். ஆட்டையும் கோழியையும் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு பிராணி மேலிருந்து என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சித்தி என் கையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்த எந்த ஊரு மகாராசன் வூட்லேர்ந்து தூக்கினு வந்தானுங்க?" என்றாள் மெல்ல.

எங்கேயோ ஜாவாவுக்கும் அப்பால், காடு கடல் வரைக்கும் வந்து முடியும் தீவு ஒன்றிலிருந்து பிடித்ததாம். சிங்கப்பூரில் கைமாறி இங்கே வந்தது. மலாய்க்காரர்கள் அதற்கு ஏதோ பெயர் சொன்னார்கள், சித்தப்பாவின் வாயில் அது நிற்கவில்லை. 'கிரீடப் பட்சி' என்று அவரே பெயர் வைத்துவிட்டார். அது கசுவாரி என்ற பறவை என்பது எனக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போதும் என் மனசுக்குள் அது கிரீடப் பட்சிதான்.

சித்தப்பாவுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. பொய் சொல்லத் தேவையில்லாத சரக்கு அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர் சாயம் பூசுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "கழுத்துல இன்னா பூசினே? இண்டிகோவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "அய்யோ, சத்தியமா அதோட தோலுங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். யாரும் நம்பவில்லை. ஒரு மழை நாளில் கிரீடப் பட்சி முற்றத்தில் நனைந்தபடி நின்றது. நீலம் கரையவில்லை, இன்னும் ஜொலித்தது. சித்தப்பா மழையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது வியாபாரியின் சந்தோஷம் இல்லை.

அது பழங்களை முழுசாக விழுங்கும். வாழைப்பழத்தைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டால் நீலக் கழுத்தில் அது பந்து போல இறங்குவது தெரியும். சித்திதான் வேளாவேளைக்குப் போடுவாள். நான் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அப்படி நிற்கும்போது என் வயிற்றுக்குள் ஏதோ அதிர்ந்தது. ஹார்பரில் பெரிய கப்பல் கிளம்புகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காதில் விழுவதற்கு முன்னாலேயே எலும்பில் விழும் சத்தம் அது. தொட்டித் தண்ணீரில் வட்டம் வட்டமாய்ச் சுருக்கம் விழுந்தது. முன்கடையில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த கிளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பார்த்தால், கிரீடப் பட்சி தலையைத் தாழ்த்தி, கழுத்தை உப்பி, மண்ணைப் பார்த்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தியது. தலையைத் தூக்கிக் காது கொடுத்தது. மறுபடி எழுப்பியது, மறுபடி காது கொடுத்தது.

"யாரையோ கூப்டுது" என்றாள் சித்தி.

"யார?"

"யாருன்னு எனுக்குத் தெரியுமா கண்ணு? இங்க யாரும் இல்லன்னு அதுக்குத்தான் தெரியுமா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டது. மற்ற நேரமெல்லாம் நடந்தது. இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்கு, அந்தப் பலகையிலிருந்து இந்தப் பலகைக்கு. அதன் கால் பட்ட இடம் தேய்ந்து வாய்க்காலாகிவிட்டது. திரும்பும்போதெல்லாம் கிரீடம் பலகையில் இடித்து ஒரு பக்கம் காயமாகி ஈ மொய்த்தது. சித்தி வேப்பெண்ணெயைத் துணியில் தோய்த்துக் குச்சியில் கட்டித் தூர நின்றே தடவுவாள். பிறகு சித்தப்பாவிடம் போவாள்.

"ஏன்யா, இது நாள்முச்சூடும் நடந்துகினே கீது. பாக்கவே பேஜாரா கீது. இத்த எங்கியாவது எடம் கீற எடத்துல வுட்டா இன்னா?"

"எடமா? பலகைய ரெண்டடி தள்ளிப் போடறேன்."

"ரெண்டடியா கேக்குது அது?"

"பின்ன? வேளைக்குப் பழம், தண்ணி, நெழலு. நான் கப்பல்ல இருந்தப்ப இதுல பாதி எடத்துல பத்துப் பேரு படுத்துகினு வந்தோம்மே!"

"நீ வூட்டுக்குத் திரும்பி வந்துட்டியேய்யா" என்றாள் சித்தி.

சித்தப்பா கொண்டைக்கிளிக்குக் கடலை உரிக்கப் போய்விட்டார். அவருக்குப் பதில் இல்லாத இடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பிராணிக்குப் பசி எடுத்துவிடும்.

வடக்கே ஏதோ ஒரு ஜமீனின் மேனேஜர் கோட்டும் தலைப்பாகையுமாய் வந்து பட்சியைப் பார்த்தார். அவருக்கும் ஒரு கணம் வாய் திறந்துகொண்டது. உடனே மூடிக்கொண்டு விலை பேசி முடித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஜமீன் தோட்டத்தில் விருந்தாளிகள் நடமாடுவார்கள், வெள்ளைக்காரக் குழந்தைகள் வரும், ஆகவே அந்தக் கத்தி நகம் இரண்டையும் அடியோடு அறுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

சித்தி இரண்டு நாள் சித்தப்பாவோடு பேசவில்லை. அவரும் முற்றத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாள் காலையில், ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ஆள் அரத்தோடும் ரம்பத்தோடும் வந்தார். கூடவே மூட்டை தூக்கும் ஆட்கள் நான்கு பேர், ஒரு பழைய மீன் வலை. என்னை உள்ளே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலையை வீசினார்கள். கறுப்பு உடம்பு வலைக்குள் சுருண்டு விழுந்தது. இரண்டு பேர் முதுகில் உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். நீலக் கழுத்து மண்ணில் கிடந்தது. அது கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லாடக்காரர் ரம்பத்தை நகத்தின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

அடுத்து நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். முதுகில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தார். வலை நடுவில் கிழிந்து இரண்டாய்த் தொங்கியது. கப்பல் பலகை ஒன்று துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தத்தோடு உடைந்து சந்தில் போய் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் கிரீடப் பட்சி வெளியே போனது.

"புடிங்கடா!" என்று சித்தப்பா கத்தினார். கத்திவிட்டுக் கொடியில் தொங்கிய கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். சித்தி ஓடினாள். நானும் ஓடினேன்.

ராயபுரத்து ஜனங்கள் அன்றைக்குப் பார்த்ததைத் தங்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லியிருப்பார்கள். தலையைத் தாழ்த்திக் கிரீடத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அது தெருவில் ஓடியது. அதன் காலடி பட்ட இடமெல்லாம் தொம் தொம் என்றது. ஜட்கா குதிரை பின்னங்காலில் எழுந்து நின்றது. டிராம்காரர் மணியடிக்க மறந்து வண்டியை நிறுத்தினார். மீன்கூடைப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டார்கள். யாரையும் அது தொடவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருக்களில் நடந்து பழகியது போல, ஒரு முனையிலும் தயங்காமல், கடல் எங்கே இருக்கிறதோ அங்கே போனது.

நாங்கள் மூச்சு வாங்கக் காசிமேட்டுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஈரமணலில் நின்றுகொண்டிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே சிலையாகிவிட்டிருந்தார்கள். பின்னால் வந்த கூட்டமும் தானாக நின்றுவிட்டது. அலைச் சத்தம் மட்டும்தான். காலை வெயில் அதன் கழுத்தில் விழுந்தது. கடலும் நீலம், அதுவும் நீலம்.

அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. பிறகு நடந்து இறங்கியது.

முதல் அலை மார்பில் மோதியது. இரண்டாம் அலையில் காணாமல் போனது. கரையிலிருந்த பெண்கள், "ஐயோ!" என்றார்கள். அலைக்கு அந்தப் பக்கம் முதலில் கிரீடம் எழுந்தது, பிறகு நீலக் கழுத்து. அது நீந்தியது! இத்தனை பெரிய பட்சி, பறக்கத் தெரியாத பட்சி, நீந்திக்கொண்டு போனது. கழுத்தை நிமிர்த்தி, நேராகக் கிழக்கே பார்த்து, மெதுவாக, அவசரமே இல்லாமல்.

"சாமிடா அது" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு மீனவர். அவர் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலைக்கு மேல் கை கூப்பினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கரையே கை கூப்பி நின்றது. என் உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று சித்தி என் முகத்தைத் துடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அது துக்க அழுகையில்லை. அப்படி ஒன்றைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்ததே என்ற அழுகை.

சித்தப்பா மட்டும் கரையில் கிடந்த ஒரு கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு வாட்டி இட்டுனு போண்ணே. உங்க கால்ல வுழறேன்" என்று ஒரு வயதான மீனவரிடம் கெஞ்சினார். அவர் கடலையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மரத்தைத் தள்ளினார். இருவரும் அலையைத் தாண்டிப் போனார்கள்.

கரையிலிருந்து எல்லாம் தெரிந்தது. கட்டுமரம் அதை நெருங்கியது. பக்கத்தில் போய்விட்டது. சித்தப்பா குந்தியிருந்தார், கை நீட்டினால் தொடும் தூரம். இப்போது கயிறு வீசுவார் என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. நான் சித்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கயிறு விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். 

கட்டுமரமும் பட்சியும் பக்கத்தில் பக்கத்தில் வெகுதூரம் போயின. இரண்டு புள்ளிகளாயின. பிறகு ஒரு புள்ளி நின்றது. மற்றது போய்க்கொண்டே இருந்தது.

சித்தப்பா கரையேறியபோது கயிற்றுச் சுருள் போட்ட சுற்றுக் கலையாமல் அப்படியே அவர் தோளில் தொங்கியது. "கயிறு போட்டேன், வழுக்கிடுச்சி" என்றார் கூட்டத்தைப் பார்த்து. மீனவர் குனிந்து மரத்தைக் கட்டினார்.

"சித்தப்பா, அது அதோட வூட்டுக்குப் பூடுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பெண்ணை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. "பூடும் கண்ணு" என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கடலிலும் தெருவைப் போல ஒரு முனையில் திரும்பினால் அடுத்த ஊர் வந்துவிடும் என்று நினைத்த வயது அது. அந்தக் கரையிலிருந்து கிழக்கே, நீந்துகிற எந்தப் பிராணியும் உயிரோடு போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நிலமே கிடையாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலில் அந்தக் கடலை எத்தனையோ தடவை கடந்த சித்தப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

ஜமீன் மேனேஜர் வந்து கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சித்தப்பா புதுச் சரக்கு வாங்கவில்லை. லஸ்கர்கள் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தினைக்குருவிகளின் சாயத்தைச் சித்தி கழுவிவிட்டாள். அவற்றைத் திருவொற்றியூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். நான் மற்றக் கூண்டுகளைக் காட்டி, "இதுங்களையும் தொறந்து வுடேன் சித்தப்பா" என்றேன்.

"எங்க வுடறது? இந்த வெள்ளைக்கிளிய வுட்டா எர்ணாவூர் வரிக்கும் பறக்கும். அங்க போயி? இதோட பாஷ பேசறது ஒண்ணு கீதா அங்க?" என்றார் எரிச்சலாக. ஹார்பர் கிடங்கில் தேங்காய்நார்க் கயிறு விற்கும் வேலைக்குப் போனார். கொண்டைக்கிளிகளையும் குரங்கையும் விற்கவுமில்லை, விடவுமில்லை. முற்றத்தில் பெரிதாகக் கொட்டகை போட்டு அவை ஒவ்வொன்றாய்ச் சாகும்வரை வைத்துச் சோறு போட்டார்.

நான் மட்டும் பட்சியை விடவில்லை. மத்தியானம் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஹார்பர் கேட்டுக்குப் போகும்போதெல்லாம், கிழக்கேயிருந்து வந்த கப்பல்காரர் யாராவது தென்பட்டால் வழிமறித்துக் கேட்பேன். கிரீடம் வைத்த பட்சி, நீலக் கழுத்து, கடல்ல பாத்தீங்களா? சிலர் சிரித்தார்கள். சிலருக்குப் பாஷை புரியவில்லை. ஒருநாள் தாடி நரைத்த ஒரு மலாய் லஸ்கர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சோற்றுத் தூக்கையும் என் முகத்தையும் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பார்த்தேன்" என்றார் உடைந்த தமிழில். "பெரிய பட்சி. தண்ணிலேர்ந்து ஏறி வந்துச்சு. காட்டுக்குள்ள போச்சு."

நைனாவின் சோற்றை அவர் கையில் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாய் ஓடினேன். சித்தப்பா முற்றத்தில் கிளிகளுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! பட்சி போய்ச் சேந்துடுச்சி! கப்பக்காரரு பாத்தாராம்!"

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?"

"மலாய்க்காரரு. தண்ணியவுட்டு ஏறிக் காட்டுக்குள்ள போச்சாம்."

"நல்லா நடந்துச்சாமா?"

அதை நான் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆனால் அவர் அப்படிக் கேட்டபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. "நல்லா நடந்துச்சாம்" என்றேன்.

சித்தப்பா கத்தியைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் குந்தினார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சித்தி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள். நான் மூச்சிரைக்க அவர்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஊரிலேயே நல்ல சேதியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், இதற்கு ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.